மலையகத் தோட்டங்களில் அவசர உதவிக்கான தொடர்பு அறுந்துபோகாமல் காப்பது எப்படி?

கேள்வி: மேற்பிரிவு இளைஞன் (மஸ்கெலியா)

வணக்கம். நான் மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் வசிக்கிறேன். எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இயங்கும் அனர்த்த முகாமைத்துவக் குழுவுக்கு அண்மையில் செயலாளராகத் தெரிவானேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட பாட்டை இங்கு எழுதும் அனைவரும் அறிவீர்கள். அதன் பிறகு மண்சரிவைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் எங்கள் மக்களை அந்த நாட்களில் அதிகம் நிலைகுலையச் செய்தது, உதவி கேட்கும் வழியே இல்லாமல் போனதுதான்.

மின்சாரம் நின்று சில மணித்தியாலங்களில் தொலைபேசிக் கோபுரமும் நின்றுவிட்டது. அன்றிரவு கடைசி லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்கு வலி எடுத்தது. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க எவருடைய கையடக்கத் தொலைபேசியிலும் சிக்னல் இல்லை. கம்பளியில் தொட்டில் கட்டி, கொழுந்து மலைக்குள் இருக்கும் குறுக்குப் பாதையால் இளைஞர்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள். அடுத்த முறையும் அப்படியே முடியும் என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். சிக்னல் திரும்பிய அன்றே, அணை உடைந்துகொண்டிருக்கிறது என்று ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் வந்தது. வயோதிபர்களும் குழந்தைகளும் மழையில் மேட்டுக்கு ஓடினார்கள். அது முழுப் பொய். அதற்கடுத்து, நிவாரணப் பணத்துக்குப் பதிய வேண்டும் என்று ஓர் இணைப்பு வந்து, வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் வரை கேட்டது.

கோபுரம், மின்சாரம், பாதை, வைத்தியசாலை, செய்தி ஆகிய இவை எல்லாம் சேர்ந்துதான் ஓர் உயிரைக் காக்கின்றன. இவற்றுக்கு இயற்கையாலும் திருட்டாலும் கணினி வழியாகவும் வரும் ஆபத்துகளில் எங்களைப் போன்ற சிறு குழுவால் எதைத் தடுக்க முடியும், எதை அதிகாரிகளிடம் வலியுறுத்த வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: கோபுரக்காரர் (ஹட்டன்)

தம்பி, கோபுரம் என் தொழில் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மலை உச்சியில் நீங்கள் பார்க்கும் கோபுரம் பொது மின்சாரத்தில்தான் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் அடியில் உள்ள அறையிலோ பெட்டியிலோ இருக்கும் 48 வோல்ட் பெட்டரித் தொகுதி அதைத் தாங்கும். புதிய பெட்டரி பல மணித்தியாலங்கள் தாங்கும். பழையது ஒரு மணித்தியாலத்திலேயே கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு யாராவது மின்பிறப்பாக்கியை வாகனத்தில் ஏற்றி வர வேண்டும், பாதை சரிந்திருந்தால் அதுவும் வராது. கோபுரம் உயிரோடு இருந்தாலும் அதிலிருந்து வெளியே செல்லும் ஒளியிழைக் கேபிள் அறுந்தால் அழைப்பு போகாது. நம் மலைகளில் பாதையும் கேபிளும் மின்கம்பமும் ஒரே சரிவின் ஓரத்தில்தான் செல்கின்றன. சரிவு இறங்கும்போது மூன்றும் சேர்ந்தே போகின்றன. இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்திருக்கிறோம், ஒன்று போனால் மற்றது இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு நிறுவனங்களின் கேபிளும் ஒரே கம்பத்தில் தொங்கினால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

இனித் திருட்டு. புவித்தொடுப்புக்குப் பதித்த செப்புப் பட்டியையும் பெட்டரிகளையும் கழற்றிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டரி போனால் அடுத்த மின்வெட்டிலேயே தெரிந்துவிடும். செப்புப் பட்டி போனால் உடனே எதுவும் தெரியாது. ஒக்டோபர், நவம்பர் மாத இடி மின்னலில் உள்ளே இருக்கும் கருவிகள் கருகும்போதுதான், நிலத்துக்குள் இறங்க வேண்டிய மின்னலுக்கு வழி இல்லாமல் போயிருந்தது தெரியவரும். அகாலத்தில் வேலிக்குள் ஆள் நடமாட்டம் கண்டால், வாயிற் பலகையில் எழுதியிருக்கும் இலக்கத்துக்கும் பொலிஸுக்கும் ஓர் அழைப்பு எடுப்பது உங்கள் குழு இலவசமாகச் செய்யக்கூடிய பெரிய காரியம். வந்திருப்பவர் ஊழியர் என்றால் அடையாள அட்டையைக் காட்டுவார், கோபிக்க மாட்டார். கோபுரத்தில் குளவிக் கூடு கண்டாலும் அறிவியுங்கள். புயல் வேளையில் பழுது பார்க்க ஏறியவரைக் குளவி கலைத்துவிட்டால் பழுது அப்படியே கிடக்கும்.

உங்கள் குழு இந்த மாதமே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நம் நாட்டில் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கத்து மலையிலுள்ள கோபுரத்தின் சிக்னல் சில மேடுகளில் நன்றாகக் கிடைக்கும். லயத்துக்குள் அது எட்டுவதில்லை. வெவ்வேறு சிம் அட்டைகளோடு பிரிவு முழுவதும் நடந்து, உங்கள் கோபுரம் அல்லாத வேறொன்று பிடிக்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள். அது கோயில் மேடாகவும் இருக்கலாம், பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் உள்ள பாறையாகவும் இருக்கலாம். அந்த இடத்தை எல்லோருக்கும் காட்டி வையுங்கள். இரவிலும் போகக்கூடிய பாதை அதற்கு இருக்க வேண்டும்.

நடைபேசி வானொலி (வோக்கி டோக்கி) வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அனுமதியில்லாமல் பயன்படுத்துவது சட்டவிரோதம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதைவிட, முறையாக உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் அமெச்சூர் வானொலியாளர்கள் நுவரெலியா, கண்டிப் பக்கத்தில் இருந்தால் அவர்களோடு தொடர்பு வைத்திருங்கள். 2004 சுனாமியின்போது தொலைபேசிகள் செயலிழந்த அம்பாந்தோட்டையிலிருந்து தகவல் வெளியே வர உதவியவர்கள் அவர்கள்தான்.

ஒரு வேண்டுகோள். எந்தக் கோபுரத்தின் வேலி உடைந்திருக்கிறது, எந்த அறைக்குப் பூட்டு இல்லை என்பதை இப்படிப்பட்ட பொது இடத்தில் யாரும் எழுத வேண்டாம். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதிப் பிரதேச செயலகத்திடம் நேரில் கையளியுங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற மின்நிலைய ஊழியர் (நோர்ட்டன் பிரிட்ஜ்)

தம்பி, அணை பற்றி வந்த பொய்ச் செய்தியை வாசித்தபோது மனம் நொந்தது. என் உத்தியோக காலம் முழுவதும் இந்த நீர்த்தேக்கங்களின் அருகில்தான் கழிந்தது என்பதால் அதை முதலில் தெளிவுபடுத்துகிறேன்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் கெனியன் மின்நிலையத்துக்கும், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும் செல்கிறது. பிறகு கெனியன், நோர்ட்டன் குளங்களிலிருந்து புதிய, பழைய லக்ஷபான மின்நிலையங்களுக்கும், கடைசியில் பொல்பிட்டியவுக்கும் இறங்குகிறது. கடும் மழையில் குளம் நிரம்பும்போது வான்கதவுகளைத் திறப்பது அணையைப் பாதுகாக்கும் வழக்கமான செயல். கதவு திறப்பதற்கும் அணை உடைவதற்கும் சம்பந்தமே இல்லை. திறந்தால் ஓயாவின் கரையில் உள்ளவர்கள் விலக வேண்டும். மேட்டில் உள்ள லயத்தவர்கள் ஓட வேண்டியதில்லை. உங்கள் பிரிவில் எந்தெந்த வீடுகள் உண்மையில் ஓயாவின் ஓரத்தில் இருக்கின்றன என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், இத்தகைய வதந்தி வரும்போது மற்றவர்களை அமைதிப்படுத்த உங்களிடம் கையில் ஒரு தாள் இருக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் ஏற்படும் சிறு கோளாறு முழுத் தீவையும் இருளாக்கக்கூடும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் நடந்த மனிதத் தவறாலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாலும் நாடு முழுவதும் மின்சாரம் போனது. வேலி, கிளை வெட்டுதல், மிருகம் புகாத தடுப்பு என்று யாரும் பெரிதாக நினைக்காத வேலைகள்தான் அங்கு காவல். முழு நாடும் இருண்ட பிறகு, வெளி மின்சாரம் இல்லாமலே தொடங்கக்கூடியவை நீர்மின் நிலையங்கள் என்பதால், மீட்பு பெரும்பாலும் மலையகத்துத் தண்ணீரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் நிலையத்தை எட்டும் பாதையும் தொலைபேசியும் இருக்க வேண்டும். ஆகையால் உங்கள் பகுதிப் பாதை உங்களுக்கு மட்டும் தேவையானது என்று எண்ண வேண்டாம். அதிகாரிகளிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

கணினி வழித் தாக்குதலுக்கு உக்ரேன் அனுபவத்தை நான் இளம் ஊழியர்களிடம் எப்போதும் எடுத்துச் சொல்வேன். 2015 டிசம்பர் 23ஆம் திகதி அங்கு மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் ஆளிகளைத் தூரத்திலிருந்தே திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 225,000 பாவனையாளர்களுக்கு மின்சாரம் போனது. பல மாதங்களுக்கு முன்னர் ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சலின் இணைப்புகளைத் திறந்ததே அவர்கள் உள்ளே வந்த வழி. அதோடு நிற்காமல், வாடிக்கையாளர் முறைப்பாட்டு இலக்கங்களுக்குப் பொய் அழைப்புகளை மழையாகப் பொழிந்து, உண்மையில் மின்சாரம் இழந்தவர்கள் அறிவிக்க முடியாதபடி செய்தார்கள். ஆனால் ஆறு மணித்தியாலங்களுக்குள் மின்சாரம் மீண்டது. காரணம், ஊழியர்கள் உபமின்நிலையங்களுக்கு நேரில் சென்று கையால் ஆளிகளை மூடினார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் திரையிலேயே செய்யப் பழகிய தலைமுறைக்குக் கையால் இயக்கும் பயிற்சி வருடந்தோறும் தரப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.


பதில்: பதிவேட்டு அலுவலர் (பதுளை)

மேலே உள்ள ஐயா சொன்ன பொய் அழைப்பு விடயத்திலிருந்து தொடர்கிறேன். நான் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். 1990, பொலிஸின் 119 போன்ற இலக்கங்களுக்கு விளையாட்டாக எடுக்கும் ஒவ்வோர் அழைப்பும் வேறெங்கோ காத்திருக்கும் ஒருவரின் அழைப்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தோட்டப் பாடசாலைகளில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதைப் பாதுகாப்புப் பணியாகவே கருத வேண்டும்.

அழைப்பு கிடைத்தாலும் வண்டி வந்து சேருவது வேறு கதை. லயங்களுக்கு முகவரி இல்லை. பதற்றத்தில் பேசுபவர் தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்வார். அதே தோட்டத்தில் பல பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் பெரிய எழுத்தில் இலக்கமிட்டு, வாகனம் வரக்கூடிய கடைசி இடத்தின் வரைபடக் குறியீட்டையும் அதன் அருகில் எழுதி வைத்தால், பத்து வயதுப் பிள்ளைகூட அதைப் பார்த்து வாசித்துச் சொல்லலாம். செலவு ஒரு டின் பெயின்ட்.

வைத்தியசாலைக் கணினிகளைப் பற்றி: 2017 மே 12ஆம் திகதி வன்னக்ரை என்ற கப்பமென்பொருள் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளைத் தாக்கியபோது சில இடங்களில் அம்புலன்ஸ்கள் வேறு வைத்தியசாலைகளுக்குத் திருப்பப்பட்டன, ஆயிரக்கணக்கான நோயாளர்களின் சந்திப்புகள் இரத்தாகின. அந்தப் பலவீனத்தை அடைக்கும் மென்பொருள் திருத்தம் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. நம் நாட்டிலும் 2023 ஆகஸ்ட்டில் அரச முகில் கணினித் தொகுதி இதேபோல் தாக்கப்பட்டு, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. பிரதிகள் இருந்தன, ஆனால் அவையும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அவற்றையும் தாக்குதல் பூட்டிவிட்டது. பிரதி என்பது கணினியிலிருந்து கழற்றப்பட்டு அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் குழுவிடம் இருக்கும் தகவலும் சிறியதல்ல. கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளர்கள், நடமாட முடியாதவர்கள், இன்சுலின் தேவைப்படுவோர் என்று நீங்கள் நிச்சயமாகப் பட்டியல் எடுப்பீர்கள். அதை வட்ஸ்அப் குழுவில் படமாகப் போட வேண்டாம். நோய் விபரம் அந்தரங்கம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் குடும்பநல மாதுவிடமும் மற்றதைத் தலைவரிடமும் பிளாஸ்டிக் உறையில் கொடுத்து வையுங்கள். வங்கி விபரம் கேட்ட அந்த இணைப்பில் எவராவது இலக்கங்களைக் கொடுத்திருந்தால் உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் முறையிடலாம்.


பதில்: மேற்பிரிவு இளைஞன் (மஸ்கெலியா)

அனைவருக்கும் நன்றி. ஓயா ஓரத்து வீடுகளின் பட்டியலையும் லயச் சுவர் இலக்கத்தையும் அடுத்த கூட்டத்திலேயே முன்வைக்கிறேன். ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. பொய்ச் செய்தியில் ஏமாந்த மக்கள், அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையையும் நம்பாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்களோ என்பதுதான் எனக்கு இப்போது பெரிய பயம். இரண்டையும் பிரித்தறிய அவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?


பதில்: கொஸ்லந்தை ஆசிரியை

தம்பி, உங்கள் பயம் நியாயமானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எங்கள் பாடசாலையில் அதைப் பற்றிப் பேசாமல் ஒரு மழைக்காலமும் கடப்பதில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒரு கடதாசியாக இருந்தது. போய்த் தங்க வேறு வீடு இருக்கவில்லை. ஆகவே எங்கே போவது என்பதைத் தீர்மானிக்காமல் மக்களை நம்பச் சொல்வதில் பயனில்லை. தங்குமிடம், அதன் திறப்பு யாரிடம், அங்கே கழிப்பறையும் குடிநீரும் உண்டா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கொட்டும் மழையில் பூட்டிய கதவின் முன்னால் ஒருமுறை நின்றவர்கள் மறுமுறை வரமாட்டார்கள்.

பிரித்தறிவதற்கு வருகிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவித்தலில் மூன்று அடையாளங்கள் இருக்கும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிலை, எந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு என்பது, எப்போதிலிருந்து எப்போது வரை செல்லுபடியாகும் என்ற நேரம். இந்த மூன்றும் இல்லாத குரல் பதிவு எவ்வளவு பதற்றமாகப் பேசினாலும் அது எச்சரிக்கை ஆகாது. சந்தேகம் வந்தால், செய்தியில் கொடுத்திருக்கும் இலக்கத்துக்கு அழைக்காமல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ உங்களுக்கு நேரில் தெரிந்த கிராம உத்தியோகத்தருக்கோ அழையுங்கள். தமிழ் அறிவித்தல் சில வேளைகளில் பிந்தி வருகிறது. சிங்களத்தில் வருவதை உடனே வாசித்துச் சொல்லக்கூடிய இருவரைக் குழுவில் பெயர் குறித்து நியமியுங்கள். ஒருவர் வேலைக்குக் கொழும்பு போயிருந்தால் மற்றவர் இருப்பார்.

எந்தச் செய்தியும் எட்டாத நேரத்துக்கு மழைமானி இருக்கிறது. எங்கள் பாடசாலை முற்றத்தில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், நேரான சுவர் கொண்ட தெளிந்த பாத்திரம் ஒன்றைக் கம்பத்தில் கட்டி, அடிமட்டத்தை ஒட்டியிருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து அளந்து பலகையில் எழுதுகிறார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லித்தந்த அளவு. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், பீலியில் திடீரெனக் கலங்கி வரும் நீர், வற்றிய ஊற்று இவற்றைக் கண்டால் அளவு எதுவானாலும் காத்திருக்கக் கூடாது. தாங்களே அளந்த மழையை மக்கள் நம்புகிறார்கள். நான் பார்த்த வரையில் வதந்திக்கு அதைப்போல மருந்து வேறில்லை.

அறிவிக்கும் ஓசையையும் இப்போதே தீர்மானியுங்கள். கோயில் ஒலிபெருக்கி மின்சாரத்தை நம்பியது. தேயிலைத் தொழிற்சாலைச் சங்கும் அப்படித்தான். தோட்ட நிர்வாகத்தோடு பேசி, மின்பிறப்பாக்கி இயங்கும்போது சங்கு வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அது இயலாவிட்டால் தப்புப் பறை இருக்கிறது; எங்கள் பிரிவில் இடைவிடாத அடி என்றால் வெளியேற வேண்டும் என்று ஒத்திகை பார்த்தே பழக்கியிருக்கிறோம். ஒத்திகையைப் பகலில் மட்டும் நடத்த வேண்டாம்.


பதில்: கோபுரக்காரர் (ஹட்டன்)

ஆசிரியை சொன்ன திறப்பு விடயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்ட மருந்தகத்திலும் தொழிற்சாலையிலும் மின்பிறப்பாக்கி இருந்தால், அதை மாதம் ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது போதாது; விளக்கு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் இணைத்து அரை மணித்தியாலமாவது ஓட்ட வேண்டும். சுமை இல்லாமல் நன்றாக ஓடிய இயந்திரம் சுமை ஏறியதும் நின்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். டீசலைப் பூட்டிய இடத்தில் வைத்து, அளவைப் புத்தகத்தில் எழுதி, திறப்பு யாரிடம் என்பதை இருவர் அறிந்திருக்க வேண்டும். தொலைபேசிக்கு மின்னேற்ற அங்கேயே ஒரு மேசை ஒதுக்கித் தருமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் அனுப்புங்கள், தம்பி. பதில் வந்ததும் இங்கே எழுதினால் பக்கத்துத் தோட்டங்களும் அதே கடிதத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்.